சும்மாக் கூடு

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ஆற்றை ஒட்டியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தத் தோட்டம் இன்று இல்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பின்னர் அதையும் அழித்துப் பாதி நிலத்தில் வீடுகள் கட்டினார்கள். மாரியம்மன் கோவில் மட்டும் இடம்பெயர்ந்து, சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஆயினும் நான் சொல்ல வந்தது தோட்டத்தின் கதையன்று. என் தாயார் வளர்த்த கோழிகளின் கதை. அதிலிருந்து தொடங்கினால்தான், நெடுநாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு நான் வந்துசேர முடியும்.

1967ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. அம்மாவிடம் அப்போது இருபதுக்கு மேற்பட்ட கோழிகள் இருந்தன. விடியுமுன் வெட்டுக்குப் புறப்படும்போது கூட்டைத் திறந்துவிடுவார். அவை லயத்துக்குப் பின்னால் சாக்கடையோரத்திலும் மர நிரைகளிலும் நாள் முழுதும் கிளறித் தின்றுவிட்டு, மாலையில் தாமே கூடு திரும்பும். முட்டை விற்ற காசும், பெருநாள் காலங்களில் சேவல் விற்ற காசும் அப்பாவின் கைக்குப் போவதில்லை. அது அம்மாவின் தனிச்செல்வம். என் எழுதுபுத்தகம், பள்ளிச் சட்டை, பின்னாளில் பட்டணத்துப் பள்ளிக்குப் போக ஆன பேருந்துக் கட்டணம் என்று, கடைக்காரரின் கடன்கணக்கில் ஏறாமல் எனக்கு வந்த பொருளெல்லாம் கோழிகள் கொடுத்தவையே.

அவ்வாண்டு மழைக்காலத்தில் ஒருநாள் காலை, ஒரு பெட்டைக்கோழி கூட்டைவிட்டு வெளியே வரவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. மறுநாள் அதன் கழுத்து ஒருபக்கமாகத் திருகிக்கொண்டது. தலை முதுகைத் தொட்டது. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. பாட்டி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் புகட்டினார். ஒரு வாரத்தில் மூன்று கோழிகள் மட்டுமே எஞ்சின. எங்கள் வீட்டில் மட்டுமன்று. லயம் முழுவதிலும் அதே நிலை. அம்மா அழவில்லை. செத்தவற்றைப் பழைய சாக்கில் கட்டி, நிரையில் குழிவெட்டிப் புதைக்கும்படி என்னிடம் சொன்னார். அன்றிரவு அடுப்பின் முன் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைக் கழிச்சல் என்று எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர். தமிழ்நாட்டில் இராணிக்கெட் நோய் என்பர். குமாவோன் மலையிலுள்ள ஓர் ஊரின் பெயரால் அமைந்தது அது. உலக வழக்கில் நியூகாசில் நோய். 1926இல் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இது கண்டறியப்பட்டது. தடுப்பூசி போடாத கோழிகளிடையே இதன் கொடிய வகை புகுந்தால், பிழைப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மறு ஆண்டில் சித்தப்பா வந்தார். அவர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குப் போய், கோழிகளை வைத்து ஆய்வு நடத்தும் ஓரிடத்தில் கூண்டுகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். எந்த இடம் என்று எழுதுவது இங்கே தேவையில்லை. பனிக்கட்டி நிரப்பிய ஒரு வெந்நீர்க் குடுவையைத் துண்டில் சுற்றிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெந்நீருக்காகச் செய்த குடுவையில் பனிக்கட்டி இருந்தது அன்று எனக்குப் பெரிய வியப்பு. உள்ளே மருந்துக் குப்பி. வெயில் ஏறுமுன் கரைத்து, கோழி ஒவ்வொன்றையும் நான் பிடித்துக் கொடுக்க, அவர் ஊசி போட்டார். அவ்வாண்டும் லயத்தில் நோய் வந்தது. எங்கள் கோழிகள் சாகவில்லை. "உன் சித்தப்பா கை, சாமி கை" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார்.

அந்தக் கையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

ஈப்போ நகருக்கு இத்துறையில் நெடிய தொடர்பு உண்டு. முன்னர் டைகர் லேன் என்று வழங்கி, இன்று சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயர் தாங்கியுள்ள சாலையில், கால்நடை ஆய்வுக் கழகம் அமைந்திருக்கிறது. 1948இல் தோன்றியது அது. இந்நாட்டுக் கால்நடைகளின் நோய்களைக் கண்டறிவதும் அவற்றுக்குத் தடுப்பூசி ஆக்குவதும் அதன் பணிகள். 1960களில் நம் நாட்டில் பிரித்தெடுக்கப்பட்ட கொடிய நியூகாசில் கிருமி ஒன்றை உலக ஆய்வேடுகள் 'ஈப்போ ஏ.எஃப். 2240' என்றே குறிப்பிடுகின்றன. ஈப்போவின் வெள்ளைக் காப்பியை உலகம் அறியும். இந்தப் பெயரை எவரும் கடைப்பலகையில் எழுதி வைப்பதில்லை. ஆனால் மலேசியாவில் கோழித் தடுப்பூசிகளைச் சோதிக்க வேண்டுமாயின், ஆய்வாளர்கள் கையிலெடுக்கும் கிருமிகளுள் இது முதன்மையானது. தடுப்பூசி போட்ட கோழிக்கு இதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிழைத்தால் மருந்து நன்று.

இவ்வளவுதான் சோதனை என்று நானும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள் மாலை, புந்தோங்கில் சித்தப்பாவின் வீட்டில் இருந்தேன். அவர் பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தொலைக்காட்சியில் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் பகுதியில் இராணுவத்தினர் பன்றிகளை அழிக்கும் காட்சி ஓடிற்று. நெடிய பள்ளங்கள், முகமூடி அணிந்த வீரர்கள், பன்றிகளின் ஓலம். பேராக் மக்களுக்கு அது தொலைவில் நடந்த செய்தியன்று. அந்நோய் தொடங்கியதே நம் கிந்தா மாவட்டத்தில்தான். 1998 செப்டம்பர் முதல் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதினார்கள், கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகள் விற்கப்பட்டுத் தெற்கே போயின. நோயும் உடன் போயிற்று. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அதுவரை எவரும் கண்டிராத ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. இந்நாட்டில் 265 பேர் நோயுற்றனர்; 105 பேர் மாண்டனர். பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த நம்மவர்களும் நோயுற்றோருள் இருந்தனர். அழிக்கப்பட்ட பன்றிகள் பத்து இலட்சத்துக்கும் மேல்.

சித்தப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். சிறிது நேரம் கழித்து, எதையோ தொடர்ந்து பேசுகிறவர்போல், "எங்க எடத்துல ரெண்டு கூடு இருக்கும்டா தம்பி" என்றார். "ஒண்ணு மருந்துக் கூடு. இன்னொண்ணு சும்மாக் கூடு."

அன்று அவர் சொன்னதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் குஞ்சுகளை அவரே வளர்ப்பார். எல்லாம் ஒரே தாய்வழிக் குஞ்சுகள், ஒரே தீனி, ஒரே தண்ணீர். காலில் எண் பொறித்த வளையம். உரிய வயது வந்ததும் அதிகாரி சீட்டுக் குலுக்குவார். சீட்டில் எந்த எண் வருகிறதோ அந்தக் கோழி மருந்துக் கூட்டுக்குப் போகும். எஞ்சியவை சும்மாக் கூட்டுக்கு. மருந்துக் கூட்டில் உள்ளவற்றுக்குத் தடுப்பூசி உண்டு; சும்மாக் கூட்டில் உள்ளவற்றுக்கு ஒன்றும் இல்லை. சில வாரங்கள் கழித்து, இரண்டு கூட்டுக் கோழிகளுக்கும் நோய்க்கிருமியைச் செலுத்துவார்கள்.

"மருந்து போட்டது பொழச்சாப் போதாது. போடாதது சாகணும். அது சாகலேன்னா, மருந்து நல்லதா கெட்டதான்னு எங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் மொதல்லேருந்து செய்யணும்."

ஆகவே சும்மாக் கூட்டின் கோழிகள் செத்தால் ஆய்வு வெற்றி. அவை செத்த நாள்களில் ஆய்வுக்கூடத்தில் நிம்மதிப் பெருமூச்சு எழும். சித்தப்பாவின் வேலை, காலையும் மாலையும் போய், எத்தனை நிற்கின்றன, எத்தனை படுத்திருக்கின்றன, எத்தனை செத்தன என்று எழுதி வைப்பது. அவரைக் கண்டதும் தீனிக்காக எழ முயலும். குஞ்சாக இருந்தபோது முதல் அந்தக் கை தீனி கொண்டுவந்த கை அல்லவா?

"சீட்டை மட்டும் நான் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஒருதரம் தொரை ஊருக்குப் போயிருந்தப்போ என்னை எடுக்கச் சொன்னாங்க. கை வரலை. கெராணியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்."

நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டபின் வெட்கப்பட்டேன். "நீங்கள் கோழிக்கறி சாப்பிடுகிறீர்களே, சித்தப்பா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சாப்பிடறேன். கோழிய அறுக்கறவன் அதுக்கு நோவு குடுக்கறதில்லையே" என்றார்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் குறள் நடத்தியவன் நான். திருவள்ளுவர் 'இன்னா செய்யாமை' என்று ஓர் அதிகாரமும் 'கொல்லாமை' என்று அடுத்த அதிகாரமும் வைத்திருக்கிறார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று எண்ணைச் சொல்லி மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். ஏன் இரண்டாக வைத்தார் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கொல்லாதிருந்தாலும் துன்புறுத்தலாம், துன்புறுத்தாமலும் கொல்லலாம். இரண்டும் வெவ்வேறு குற்றங்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சித்தப்பா, உரையாசிரியர் எவரையும் புரட்டாமலே அந்த வேறுபாட்டைக் கண்டிருந்தார். கறிக்கடைக்காரர் கோழியின் உயிரை எடுக்கிறார். அதற்கு நோயைக் கொடுப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் நோயைக் கொடுக்கிறார்கள். அதுவும் வளர்த்த கையாலேயே.

இதற்கு மறுமொழி என்னிடம் ஆயத்தமாக இருந்தது, உங்களிடமும் இருக்கும். மனிதருக்கு அழகுப்பொருள் செய்வதற்காக முயலின் கண்ணில் மருந்தை விடுவதைப் போன்றதன்று இது. கோழியின் நோய்க்காகவே கோழியை ஆராய்கிறார்கள். பத்துக் கோழி செத்துப் பத்து இலட்சம் கோழி பிழைக்கிறது. இதில் என்ன தவறு? கணக்கு சரிதான். அம்மாவின் கோழிகள் அந்தக் கணக்கின் வரவுப் பக்கத்தில் இருந்தவை. அவற்றின் முட்டையால் வந்தது என் எழுத்தறிவு. சும்மாக் கூட்டில் செத்த ஏதோ ஒரு கோழிக்கு நான் கடன்பட்டவன் என்பதை மறுக்க முடியுமா?

ஆனால் 'கோழிக்காகவே' என்னும் சொல் முழு உண்மையாகாது. நோயிலிருந்து தப்பிய எங்கள் சேவல்கள் தீபாவளிக்குச் சட்டிக்குப் போயின. காப்பாற்றியது கோழியையா, கோழிக்கறியையா என்று கேட்டால், அம்மாவே சிரித்திருப்பார். காக்கப்பட்டது அம்மாவின் சிறு வாழ்வாதாரம். அதில் இழிவொன்றும் இல்லை. ஏழைக்கு வாழ்வாதாரமே அறத்தின் முதற்படி. விலங்குகளின் நன்மைக்கே விலங்குகளை வருத்துகிறோம் என்று சொல்லும்போது, அந்த 'நன்மை'க்குள் நம் தட்டும் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நாம் எல்லாரும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். சோழர் தம் குலமுன்னோருள் ஒருவனாக அவனைப் போற்றினர். பருந்துக்குத் தப்பி அடைக்கலம் புகுந்த புறாவைக் காக்க, அதன் எடைக்கு ஈடாகத் தன் தசையை அறுத்துத் தராசில் வைத்தான். தட்டு சமமாகாதபோது தானே ஏறி அமர்ந்தான். சித்தப்பா பேசிய அன்று இரவு எனக்கு அந்தக் கதை வேறு விதமாகத் தோன்றிற்று. நாமும் புறாவைக் காக்கத்தான் முயல்கிறோம். தராசும் நம் கையில்தான் இருக்கிறது. மறுதட்டில் நாம் வைப்பது இன்னொரு புறாவை. எந்தப் புறா என்பதைச் சீட்டு முடிவு செய்கிறது.

இப்படி எழுதுவதால் ஆய்வே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். மாடுகளின் வெக்கை நோயை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் கப்பலேறி வந்த காலத்தில், அவர்கள் விட்டுவந்த ஊர்களில் ஏர்மாடுகளை ஒரே பருவத்தில் துடைத்தழித்த நோய் அது. மாடு போனால் உழவு போயிற்று; உழவு போனால் ஊரும் போயிற்று. 1889இல் புனேயில் தோன்றி, 1893இல் இமயமலைச் சாரலில் முக்தேஸ்வருக்கு மாறிய ஆய்வுக்கூடத்தில், 1920களில் எட்வர்ட்ஸ் என்னும் ஆய்வாளர் மாட்டின் கிருமியை ஆட்டுக்குச் செலுத்தினார். அந்த ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு. அதிலிருந்து வேறோர் ஆட்டுக்கு. இப்படி நூற்றுக்கணக்கான முறை ஆட்டுக்கு ஆடு கடந்தபின், கிருமி மாட்டுக்கு எதிரான வீரியத்தைப் பெரிதும் இழந்து தடுப்பூசியாயிற்று. பின்னர்க் கென்யாவில் பிளௌரைட் என்பவர் கன்றின் சிறுநீரக உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து, அவற்றில் கிருமியைப் பெருக்கித் தடுப்பூசி செய்தார். தடுப்பூசி ஆக்குவதற்கு இனி ஆடு ஆடாக நோயுறத் தேவையில்லை என்றாயிற்று. இந்தியாவில் கடைசியாக 1995இல் வெக்கை கண்டது. 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு மண்ணுலகை விட்டு நீங்கிய இரண்டாவது நோய் அதுதான்.

மாட்டைக் காக்கச் செத்தவை ஆடுகள். அவற்றுக்குக் கிடைத்ததென்ன என்று கேட்கத் தோன்றும். ஆட்டுக்கொள்ளை நோய் என்று ஒன்று உண்டு. வெக்கைக் கிருமியின் உறவுக் கிருமியால் வருவது. இந்தியாவில் அது முதன்முதலாக 1987இல் நம் தமிழ்நாட்டில், விழுப்புரத்துக்கு அருகே அரசூரில் கண்டறியப்பட்டது. அந்நோய்க்கென்று தனித் தடுப்பூசி வருமுன், மாட்டு வெக்கைத் தடுப்பூசியையே பல நாடுகளில் ஆடுகளுக்கும் போட்டுக் காத்தார்கள். கடன் திரும்பிற்று என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் முக்தேஸ்வரின் ஆடுகளுக்கு அது திரும்பவில்லை. கடன் கொடுத்தவன் ஒருவன், பெற்றுக்கொண்டவன் வேறொருவன் என்றால், கணக்குப்பிள்ளை வேண்டுமானால் ஏட்டை மூடலாம். அறநூல் கற்றவன் மூட முடியாது.

பன்றிகளின் படம் பார்த்த அன்று சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். "நூறு பன்னிய மொதல்லயே நல்லாப் பாத்திருந்தா, இந்தப் பத்து லட்சம் தப்பியிருக்குமோ என்னமோ." இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பன்றிகளிடம் அந்நோய் பெரும்பாலும் சாவாக வரவில்லை, இருமலாக வந்தது. ஒரு மைல் தொலைவுக்குக் கேட்கும் இருமல் என்று அதற்குப் பின்னர்ப் பெயரே வைத்தார்கள். செத்தால்தானே சந்தைக்காரர் கவலைப்படுவார்? இருமும் பன்றியை யார் பார்த்தார்கள்? அழிப்பு முடிந்தபின் ஆஸ்திரேலியாவில் ஜீலோங் நகரின் உயர்காப்பு ஆய்வுக்கூடத்தில் சில பன்றிகளுக்கும் பூனைகளுக்கும் அக்கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். வாய்வழி கிருமி பெற்ற பன்றிகள் நோயைக் காட்டாமலே மூக்கிலும் தொண்டையிலும் அதை வெளியிட்டன என்ற உண்மை அப்போது உறுதிப்பட்டது, 2002இல் அச்சேறியது. ஒரு சில பன்றிகள் தந்த அறிவு, பத்து இலட்சம் பன்றிகள் பள்ளத்தில் விழுந்தபின் வந்தது. ஆய்வு செய்வதில் ஓர் அறப்பிழை இருக்கலாம். ஆய்வு செய்யாதிருப்பதில் அதனினும் பெரிய பிழை நேரலாம் என்பதை நான் அங்கே கண்டேன். சித்தப்பாவும் அதைத்தான் சொன்னார் போலும். ஆயினும் அவர் 'என்னமோ' என்று முடித்ததை நான் மறக்கவில்லை. கிருமி புதிது, நூறைப் பார்த்திருந்தால் மட்டும் பிடிபட்டிருக்கும் என்று எவர் உறுதி கூற வல்லார்?

அதே நிப்பாக் கதையில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. கிருமியின் மூல உறைவிடம் பழந்தின்னி வௌவால்கள் என்பதை ஈப்போ ஆய்வுக் கழகத்தினரும் பிறரும் வௌவால்களைப் பிடித்துக் குருதியைச் சோதித்து உய்த்தறிந்தனர். ஆனால் உயிருள்ள கிருமி கையில் அகப்பட வேண்டுமே! சுவா காவ் பிங்கும் அவருடைய தோழர்களும் தியோமான் தீவுக்குப் போய், வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் இரவில் நெகிழித் தாள்களை விரித்து வைத்தார்கள். விடியலில் அவற்றில் தெறித்திருந்த சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தார்கள். கடித்துப் போட்ட பழங்களைப் பொறுக்கினார்கள். அவற்றிலிருந்தே நிப்பாக் கிருமி கிடைத்தது. அதற்காக ஒரு வௌவாலையும் சுட வேண்டியிருக்கவில்லை. வலை வீச வேண்டியிருக்கவில்லை. மரத்தடியில் தாள் விரித்துக் காத்திருக்கும் பொறுமையே அங்கே கருவியாயிற்று.

ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேயர் 1959இல் ஒரு நூல் எழுதினர். விலங்கின்றி அறிய இயலுமானால் விலங்கை விலக்குக. இயலாவிடில் எண்ணிக்கையைக் குறைக்க. அதுவும் இயலாவிடில் துன்பத்தைத் தணிக்க என்பது அவர்கள் வகுத்த நெறி. இன்று உலகின் பெரும்பாலான ஆய்வு விதிகள் அதன்மேல் எழுந்தவை. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆய்வுக்கு விலங்கைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். சட்டம் இருப்பது நன்று. ஆனால் சட்டத்தின் கண் பகலில் மட்டும் திறந்திருப்பது. கோழிகள் பெரும்பாலும் இரவில்தான் துன்புறும் என்று சித்தப்பா சொல்வார்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய சொல்லை இப்போது எழுதக் காரணம் என் பழைய மாணவி ஒருத்தி. தோட்டத்துப் பள்ளியில் என்னிடம் பயின்றவள். கால்நடை மருத்துவம் படித்து, இன்று கோழி நோய்களை ஆராய்கிறாள். சென்ற ஆண்டு என்னைக் காண வந்தவள், பேச்சின் நடுவே, "ஐயா, கொல்லாமை அதிகாரத்தை நீங்கள்தான் நடத்தினீர்கள். இப்போது நான் செய்யும் வேலையைப் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்?" என்றாள். விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டாள். கண்கள் விளையாடவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்னும் எண்ணமும் அவளுக்கு இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

நான் அவளுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. சும்மாக் கூட்டின் கதையைச் சொன்னேன். அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் கூட்டில் இப்போது எப்படி என்பதைச் சொன்னாள். சாவு வரும்வரை காத்திருப்பதில்லை. எழ முடியாமல், தண்ணீரை எட்ட முடியாமல் போனவுடனே வலியின்றி முடித்துவிடுகிறார்கள். குருதியில் எதிர்ப்பாற்றலை அளந்தே சிலவகைத் தடுப்பூசிகளின் தரத்தை அறிய முடிகிறது. அவற்றுக்குக் கிருமி செலுத்தத் தேவையில்லை. முன்பு இருபது வைத்த இடத்தில் பத்து வைத்தால் போதுமா என்று கணக்கியலாரிடம் கேட்டு, போதும் என்று எழுதி வாங்கியிருக்கிறாள். இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் கூட்டைப் பார்க்க ஆளில்லை என்றபோது, தானே போகத் தொடங்கினாளாம். "நீ இல்லாவிட்டால் அந்தக் கூட்டுக்கு யார் போவார்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவள் விடை சொல்லவில்லை. வேலையில் நீடிக்கிறாள். அது என் கேள்வியாலா, வேறு காரணத்தாலா என்பது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. அம்மாவின் காலத்தில் பனிக்கட்டிக் குடுவை இல்லாமல் மருந்து லயத்துக்கு வந்து சேராது. 1980களில் செர்டாங்கில் இருந்த விவசாயப் பல்கலைக்கழகத்தினர், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் ஒரு தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை உருவாக்கினர். கோழியைப் பிடிக்க வேண்டாம், ஊசி வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். அதைச் சோதிக்கவும் ஒரு சும்மாக் கூடு இருந்தே இருக்கும். அம்மாவுக்கு அது காலம் கடந்து வந்தது. தோட்டமே போயிற்று, யார் கோழி வளர்க்கிறார்கள்?

சென்ற மாதம் அந்த மாணவி தொலைபேசியில் அழைத்தாள். சிறு பண்ணையாளர்களுக்காகத் தமிழில் ஒரு கட்டுரை எழுதுவதாகவும், மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கும் கூட்டத்துக்குத் தமிழில் என்ன சொல் என்றும் கேட்டாள். கலைச்சொல் அகராதியில் 'கட்டுப்பாட்டுக் குழு' என்றும் 'ஒப்பீட்டுக் குழு' என்றும் இருக்கிறது; பின்னதே பொருத்தம் என்றேன். இரண்டு வாரம் கழித்துக் கட்டுரை வந்தது. எல்லா இடத்திலும் ஒப்பீட்டுக் குழு என்றே எழுதியிருந்தாள். இறந்தவற்றின் எண்ணிக்கையைச் சொல்லும் ஓரிடத்தில் மட்டும், 'சும்மா கூட்டில் பத்துக் கோழிகள் இருந்தன' என்று இருந்தது. ஓரத்தில் பென்சிலால், 'இச்சொல் இருக்கலாமா, ஐயா?' என்று கேட்டிருந்தாள்.

விடுபட்டிருந்த ககர ஒற்றை மட்டும் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்.